ஞாயிறு பின்னேரம் ஆறு மணி

மன்னார் நகரில் ஒரு சிறிய அலுவலகம்; பெயர் வேண்டாம். 2025 மார்ச் கடைசியில் அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, திங்கக்கிழமை வந்து பார்த்தால் சேர்வர் தானா நிண்டு தானா எழும்பியிருக்கு. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

எங்கள் ஊரில் எது பழுதானாலும் முதல் குற்றவாளி உப்புக்காற்றுத்தான். நானும் பெட்டியைத் திறந்து, ராம் அட்டைகளைக் கழற்றி, பொன்முலாம் பூசிய ஓரங்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்து மாட்டினேன். இரவு முழுக்கச் சோதித்தும் ஒரு பிழை இல்லை. கடலை வீணாகப் பழித்தாயிற்று.

பிறகுதான், முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய நிகழ்வுப் பதிவைப் பார்த்தேன். ஆளோ மென்பொருளோ முறைப்படி 'நில்' என்று சொல்லியிருந்தால் விண்டோஸ் 1074 என்ற இலக்கத்தைப் போட்டு, சொன்னது யார் என்றும் எழுதிவைக்கும். அது இல்லை. இருந்தது 41. விழும்போது எழுதியதல்ல அது. எழும்பிய பிறகு, முன்பு ஒழுங்காக நிற்கவில்லை என்று எழுதியது. நீலத்திரைக்கான குறியும் பூச்சியம். அப்படியென்றால் பெரும்பாலும் மின்சாரம் சட்டென்று அறுந்திருக்கிறது.

தேதிகளைத் தாளில் எழுதினேன். பெப்ரவரி 23, மார்ச் 9, மார்ச் 23. மூன்றும் ஞாயிறு, மூன்றும் பின்னேரம் ஆறு மணியளவில். வாசல் காவலாளி ஐயாவிடம் கேட்டேன். "கரண்ட் நிக்கேல்லத் தம்பி, லைட் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. உள்ள அந்தப் பெட்டிதான் டிக்கெண்டு ஒரு சத்தம் போட்டுக் கீச்சிட்டது."

அந்தப் பெட்டி யூபிஎஸ்; கரண்ட் நின்றால் பற்றரியில் சேர்வரைத் தாங்குவது. பல யூபிஎஸ்கள் 14 நாளுக்கு ஒருமுறை தம்மைத் தாமே சோதிக்கும். சில விநாடிகள் ஊர்க்கரண்டை விட்டு, பற்றரியில் ஓட்டிப் பார்க்கும். பற்றரி செத்திருந்தால் சேர்வரும் விழும். காக்க வந்ததே கவிழ்த்துவிட்டது!

இப்படி நாள் எண்ணி வரும் கோளாறு பெரிய இடங்களிலும் உண்டு. 2004 செப்டெம்பர் 14 அன்று தென் கலிபோர்னியாவில் விமானிகளோடு பேசும் வானொலித் தொடர்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் அறுந்தது. அதை இயக்கிய கணினியில் மில்லி விநாடிகளை எண்ணும் கணக்கு ஒன்று 49.7 நாளில் தீர்ந்துபோகும். 30 நாளுக்கு ஒருமுறை செய்யவேண்டிய மறுதொடக்கத்தை யாரோ தவறவிட்டிருந்தார்கள்.

எங்கள் கணக்கு எங்கே தொடங்கியது? பெப்ரவரி 23இலிருந்து 14 நாள் பின்னே எண்ணினால் பெப்ரவரி 9. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது என்று அமைச்சர் சொன்னாரே, அந்த ஞாயிறு. காற்றாலைகள் நிற்கும் மன்னார்த் தீவிலும் அன்று கரண்ட் இல்லை. யூபிஎஸ் பற்றரி அடியோடு வற்றி, பின்னேரம் கரண்ட் வந்ததும் புதிதாக நாள் எண்ணத் தொடங்கியிருக்கிறது.

பற்றரியை இழுத்தால் வரவில்லை. வயிறு உப்பிப் பெட்டியோடு இறுகிக் கிடந்தது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் பாதியாகும். இதுவோ ஜன்னலோரம், குளிரூட்டியும் இல்லை. மீற்றர் 12.6 வோல்ட் காட்டியது. நல்லதுதானே என்று நினைத்து ஒரு கார் பல்பைக் கொழுவினேன். 8க்கு விழுந்தது.

புதுப் பற்றரி போட்டு, யூபிஎஸ்ஸைப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு முடுக்கினேன். இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை, எல்லோரும் மேசையில் இருக்கும் நேரத்தில் அது டிக்கென்கிறது. அக்கா ஒருக்கால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கிறார்.