"ஒன்னும் இல்லைங்ணா": தலையில் அடிபட்டதை ஏன் மறைக்கிறோம்?

போன வாரம் எங்க ஆபீஸ் டோர்னமென்ட்ல ஒரு பையனுக்குப் பந்து ஹெல்மெட்ல பட்டுச்சு. "ஒன்னும் இல்லைங்ணா"ன்னு சொல்லிட்டு அடுத்த பந்தை ஆடிட்டான். இன்னைக்கு எபிசோட் அந்த "ஒன்னும் இல்லைங்ணா" பத்தித்தான்.

ஏன்னா நானும் அதைச் சொல்லியிருக்கேன். காலேஜ் ரெண்டாவது வருஷம், கபடி. மறுநாள் ஜோனல் டீம் செலக்‌ஷன். பிராக்டீஸ்ல ஒருத்தனோட முட்டி என் நெத்திப்பொட்டுல இடிச்சிருச்சு. ரத்தம் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனா லைட்டைப் பார்த்தா கண்ணு கூசுது, ஸ்கோர் என்னன்னு ஞாபகம் இல்லை. கோச் கேட்டது ஒரே கேள்வி: "ஆட முடியுமா?" "முடியுங்க சார்." கால் சுளுக்கியிருந்தா நொண்டுறது தெரிஞ்சிருக்கும். தலை நொண்டாதுங்களே!

இதுக்குப் பேரு கன்கஷன். மயங்கி விழுந்தாத்தான் கன்கஷன்னு நினைக்கிறோம்; பெரும்பாலானவங்க மயங்குறதே இல்லை. சிடி ஸ்கேன்லயும் பொதுவா ஒன்னும் தெரியாது. அறிகுறி சில மணி நேரம் கழிச்சும் வரலாம். 2019-ல லார்ட்ஸ்ல ஆர்ச்சர் பந்து கழுத்துல பட்ட ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனையில தேறி திரும்ப வந்து பேட்டிங் பண்ணினார். மறுநாள் காலையிலதான் தலைவலி. அவருக்குப் பதிலா லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் கிரிக்கெட்டோட முதல் கன்கஷன் சப்ஸ்டிட்யூட்.

நம்ம ஆளுக்கு வருவோம். 2020 டிசம்பர் 4, கான்பெரா. சின்னப்பம்பட்டி நடராஜனோட முதல் சர்வதேச டி20, அதுக்காகவே வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். கடைசி ஓவர்ல ஸ்டார்க் பந்து ஜடேஜா ஹெல்மெட்ல பட்டுச்சு. அவர் தொடர்ந்து ஆடி முடிச்சார். டிரெஸ்ஸிங் ரூம்ல ஃபிசியோ "எப்படி இருக்கு?"ன்னு கேட்டப்பதான் லேசா தலை சுத்துதுன்னு சொன்னாராம்; இதை மேட்ச் முடிஞ்சு சஞ்சு சாம்சன் சொன்னார். பதிலுக்கு வந்த சஹல் 3 விக்கெட் எடுத்தார். உடனே என்ன பேச்சு? "டிராமா." இந்திய அணியில நிலையான இடம் இருக்கிறவருக்கே அந்தப் பேச்சுன்னா, பள்ளிக்கூடப் பையன் எப்படி வாயைத் திறப்பான்?

அவனுக்கு இழப்பும் நிஜமானது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல இன்ஜினியரிங் சீட் இருக்கு, அரசு வேலையில 3 சதவீதம் இருக்கு. எல்லாத்துக்கும் சர்டிபிகேட் வேணும், சர்டிபிகேட்டுக்கு டீம்ல இடம் வேணும். தலைசுத்தல் நாலு நாள்ல போயிரும், இடம் போனா போனதுதான்னு கணக்குப் போடுறான். முட்டாள்தனம்னு எனக்குச் சொல்ல வரல. ஆனா அந்தக் கணக்குல ஒரு வரி விட்டுப்போச்சு: முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா, அபூர்வமா, இளவயசுக்காரங்களுக்கு மூளை வீங்கி உயிரே போயிருக்கு.

அமெரிக்காவுல மில்வாக்கி பக்கத்துப் பள்ளி ஃபுட்பால் வீரர்கள்கிட்ட எடுத்து 2004-ல வந்த ஒரு ஆய்வு இருக்கு. கன்கஷன் ஆனவங்கள்ல பாதிக்கும் குறைவானவங்கதான் யார்கிட்டயாவது சொல்லியிருந்தாங்க. சொல்லாதவங்கள்ல சுமார் மூணுல ரெண்டு பேர் சொன்ன காரணம் பயம்கூட இல்லை: "இது அவ்வளவு பெருசுன்னு நினைக்கல."

நம்ம தொழில் பாஷையில சொல்றேன். சர்வர் டவுனான்னு அதே சர்வர்கிட்ட மட்டும் கேட்டு முடிவு பண்ணுவோமா? வெளியிலிருந்து ஹெல்த் செக் போடுவோம். அடிபட்டதும் மூளைதான், "நான் நல்லா இருக்கேன்"னு ரிப்போர்ட் குடுக்கிறதும் அதே மூளைதான். அதனால "ஆட முடியுமா"ன்னு கேட்காதீங்க. முதல்ல வெளிய உட்கார வைங்க. இப்ப எந்த மைதானம், கடைசிப் பாயின்ட் யார் எடுத்தாங்கன்னு கேளுங்க. பதில் சரியா வந்தாலும் அன்னைக்கு ஆட்டம் கிடையாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் இருந்தா உடனே 108.

என் ஹெல்த் செக் ரூம்மேட். ராத்திரி ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டேனாம். அப்பாவுக்குப் போன் போட்டுட்டான். டாக்டர் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார், செலக்‌ஷன் போச்சு. அவன்கூட மூணு மாசம் பேசல.

இந்த எபிசோடை எடிட் பண்றவன் அவன்தான். அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.