அல்சூரிலிருந்து குமரிமுனை வரை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் புலவர்கள் பேசுவதே முறை. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர்களாகப் பணிபுரியும் எங்கள் இருவரை, அதிலும் மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது நாங்கள் தயங்கினோம். "நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், அது போதும்" என்றார் அவர். நடந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி தரும் பகுதியும் உண்டு. தலைகுனியச் செய்யும் பகுதியும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுவதென்று ஒப்புக்கொண்டே இங்கு வந்து நிற்கிறோம்.

நம் அல்சூர் ஏரியின் அருகே நிற்கும் திருவள்ளுவர் சிலையை அறியாதார் இல்லை. 1991-ஆம் ஆண்டு முதல் பதினெட்டு ஆண்டுகள் திரையிடப்பட்டு நின்ற அச்சிலை, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் இரு மாநில முதலமைச்சர்கள் முன்னிலையில் திறக்கப்பட்டது. அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. குமரிமுனையில், கணபதி ஸ்தபதியார் தலைமையில் உருவாகி 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட மற்றொரு வள்ளுவர் நிற்கிறார். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்க 38 அடிப் பீடம்; பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்த 95 அதிகாரங்களைக் குறிக்க 95 அடிச் சிலை; ஆக 133 அடி. இவ்வள்ளுவரிடம் விடைபெற்று அவ்வள்ளுவரின் அடி சேர்வது என்று நம் சங்கத்து இளைஞர்கள் திட்டமிட்டனர். 2025 ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். அன்று விடியற்காலை நான்கு மணிக்குப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் புறப்பட்டன. அவற்றுள் இரண்டைப் பெண்மணிகள் ஓட்டினர்.

புறப்படுமுன் தமிழ் வகுப்புக் குழந்தைகள் எங்களிடம் ஓர் ஏட்டைக் கொடுத்தார்கள். அதிகாரத்திற்கு ஒன்றாக 133 குறட்பாக்களைத் தம் கையாலேயே எழுதிய ஏடு அது. வீட்டிலே தமிழ் பேசி, பள்ளியிலே கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் குழந்தைகள், எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருத்தி மூன்று மாதம் எழுதியது. அதைப் படகில் கொண்டு சென்று வள்ளுவரின் அடியில் வைத்துப் படம் எடுத்து வருவதாக வாக்களித்தோம். அந்த வாக்கின் கதைதான் இவ்வுரை.

நெடுந்தொலைவு மோட்டார் சைக்கிளில் செல்வது வீண் முரட்டுத்தனம் என்று பெரியோர்கள் எண்ணுவது இயல்பே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள் என்றும், தலைக்கவசம் அணியாமையால் மாண்டோர் 50,029 பேர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இக்கணக்கைத் தெரிந்துகொண்டே புறப்பட்டோம். தனியே செல்பவனுக்கு இல்லாத காவல் ஒழுங்கமைந்த பயணத்தில் உண்டு என்பதே எங்கள் துணிவு.

அவ்வொழுங்கைச் சற்றே விளக்குவது நலம். எல்லோருக்கும் முன்னே தலைவண்டி. வழியும் வேகமும் அதன் பொறுப்பு. அதை எவரும் முந்தலாகாது. மற்றவர்கள் ஒருவர் இடப்புறமும் அடுத்தவர் வலப்புறமுமாக இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும். முன்னவர் திடீரென நிறுத்தினாலும் பின்னவர் மோதாதிருக்க இதுவே வழி. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒவ்வொருவரும் கண்ணாடியில் தம் பின்னே வருபவரைக் கவனித்துக்கொண்டே செல்ல வேண்டும். அவர் தென்படாவிடில் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று தலைகளை எண்ண வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் கடைவண்டி. எவர் நின்றாலும் அது நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் நம்மவர் எவரும் இருத்தலாகாது. அக்கடைவண்டியாகிய புல்லட்டில் சென்றவர்கள் நாங்கள் இருவர்.

அப்பொறுப்பை எங்களுக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறம் எல்.வி. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் எழுதிய பலகை ஒன்று தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கடைசி வண்டி என்பது அதன் பொருள். இரவில் அவ்விடத்தே சிவப்பு விளக்கு மின்னும். எஞ்சின் வந்துவிட்டது என்பதனால் ரயில் வந்துவிட்டதாக எங்கள் துறையில் கொள்வதில்லை. நிலையத்துப் பணியாளர் அப்பலகையைக் கண்ணால் கண்ட பின்னரே வண்டி முழுமையாக வந்தது என்று கொள்வது நெடுநாளைய நடைமுறை. பலகை இல்லையேல் இடையில் பெட்டிகள் கழன்று நின்றிருக்கலாம். அவ்வழியில் அடுத்த வண்டியை விட இயலாது. "இது தெரிந்தவர்கள் நீங்கள், கடைவண்டி உங்களுடையது" என்றார்கள் இளைஞர்கள். நாங்களும் பெருமையோடு ஏற்றோம்.

முதல் நாள் குறைவின்றிக் கழிந்தது. அத்திப்பள்ளியில் எல்லையைக் கடந்து ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியே சென்றோம். முன்பு 7-ஆம் எண் பெற்றிருந்த இந்நெடுஞ்சாலை இப்போது 44-ஆம் எண்ணுடையது. ஸ்ரீநகரில் தொடங்கிக் குமரியில் முடிவது. நாட்டிலேயே மிக நீண்டது. கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேலுள்ள பெங்களூரிலிருந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்கும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. பாரம் ஏற்றிய லாரிகள் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் முன்னே செல்லும் வண்டிகள்மீது மோதுவது அங்கே பலமுறை நிகழ்ந்துள்ளது. ஆகவே அவ்விடத்தை இடைவெளியைக் கூட்டி, லாரிகளின் முன்னே நில்லாமல் கடந்தோம். நாமக்கல், கரூர், திண்டுக்கல் கடந்து மாலையில் மதுரை சேர்ந்தோம். எங்கள் வண்டிகளுள் மைசூரில் செய்த பழைய எஸ்டி ஒன்றும் இருந்தது. 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் பிள்ளை அது. மூடிய தொழிற்சாலையின் வண்டி முனகாமல் ஓடிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் நாள் காலை மீனாட்சியம்மன் கோயிலில் வழிபட்டு ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். குமரிக்கு 245 கிலோமீட்டர். பிற்பகல் இரண்டு மணிக்குள் சேர்ந்துவிடலாம், படகு கிடைக்கும் என்பது கணக்கு. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி கடந்து, 1799-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் நின்றோம். தலைகளை எண்ணினார்கள். பதினொன்று.

மறுபடியும் எண்ணினார்கள். பதினொன்றே. எங்களுக்கு முன்னே வரவேண்டிய தம்பி இல்லை. குழுவில் வயதில் இளையவர் அவர், நெடுவழிக்குப் புதியவர். அவருடைய தாயார் இதோ இந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

பிழை எங்களுடையது. சாத்தூரைத் தாண்டியபின், தம்பி தண்ணீர் குடிப்பதற்காகப் பெட்ரோல் பங்க் ஒன்றில் திரும்பியிருக்கிறார். அவ்வேளையில் நாங்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தோம். முன்னே அதே நிறச் சட்டையுடன் அதே வகை வண்டியில் சென்ற வேறொருவரைத் தம்பி என்றே கொண்டு அவர் பின்னே சென்றுவிட்டோம். தம்பிக்கு முன்னே சென்றவரும் கண்ணாடியைப் பார்த்து அதே மயக்கத்தை அடைந்தார். பலகையைப் பாராமல் வண்டி வந்தது என்று எழுதிய நிலையக்காரரின் குற்றத்தை, அப்பலகையின் பொருள் தெரிந்த நாங்களே செய்தோம்.

கைப்பேசியில் அழைத்தோம், மணி போகவில்லை. விபத்தோ என்னும் அச்சத்தால் எவருக்கும் பேச்சு எழவில்லை. பின்னர் ஒரு நண்பர், "இருவர் திரும்பிப் போகட்டும், மற்றவர்கள் குழந்தைகளின் ஏட்டுடன் முன்னே சென்றால் படகையாவது பிடிக்கலாமே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குழந்தைகளுக்குக் கொடுத்த வாக்கு அல்லவா? தலைவண்டி ஓட்டிய இளைஞரோ ஒரே வார்த்தையில் முடித்தார்: "பன்னிரண்டு புறப்பட்டோம். பன்னிரண்டும் சேர்ந்தால்தான் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு." அதன்பின் எவரும் படகைப் பற்றிப் பேசவில்லை.

நாங்கள் இருவரும், துணையாக மற்றொரு வண்டியும் திரும்பினோம். ஏறத்தாழ 35 கிலோமீட்டர். எதிர்ச்சாரியில் விழுந்து கிடக்கும் வண்டி ஏதேனும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே சென்ற அந்த அரை மணி நேரத்தைப் போல் நீண்ட நேரம் எங்கள் வாழ்வில் வேறில்லை. வேப்பமரத்து நிழலில், தேநீர்க் கடையின் பெஞ்சில் தம்பி அமர்ந்திருந்தார். காயமில்லை. பின்சக்கரம் பஞ்சர். வழிகாட்டும் படத்தை விடாது பார்த்து வந்தமையால் கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் தம் கைப்பேசியைக் கொடுத்தும் பயனில்லை. எங்களுள் ஒருவர் எண்ணும் தம்பிக்கு மனப்பாடமில்லை.

"பயந்துவிட்டாயா தம்பி?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். "எதற்கு அண்ணா பயம்? நீங்கள் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். கடைவண்டி வராமல் நான் எப்படிக் கடைசி ஆவேன்?" என்றார்.

அவர் எங்களைக் கடிந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். நாங்கள் அவரைக் கடந்து சென்றுவிட்டோம் என்பது ஒன்றரை மணி நேரம் ஆகியும் அவர் எண்ணத்தில் தோன்றவே இல்லை. அவ்வளவு நம்பிக்கையைத் தாங்கும் தகுதி அன்று எங்களுக்கு இல்லை. நடந்ததை அங்கேயே அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். ஊர் திரும்பியதும் அவருடைய தாயாரிடமும் கேட்டோம். இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறோம்.

ட்யூப் உள்ள டயராதலால் சக்கரத்தைக் கழற்றியே ஒட்ட வேண்டியிருந்தது. கோவில்பட்டியிலிருந்து ஆள் வந்து வேலை முடிய மணி மூன்று. கயத்தாற்றில் ஒன்பது வண்டிகளும் இடம் பெயராமல் காத்திருந்தன. திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர் கடந்தோம். காவல்கிணறு அருகே காற்றாலைகளைச் சுழற்றும் ஆகஸ்டு மாதக் காற்று மேற்கிலிருந்து அடித்து வண்டிகளைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளியது, வேகத்தைப் பாதியாக்கினோம். குமரி சேர்ந்தபோது கதிரவன் மறையும் வேளை. படகுகள் கட்டப்பட்டுவிட்டன. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலத்தையும் கரையிலிருந்தே கண்டோம். ஞாயிறு இரவு சேலத்தில் தங்கித் திங்களன்று ஊர் திரும்புவது திட்டமாதலால் மறுநாள் விடியுமுன்னரே புறப்பட வேண்டியிருந்தது. குழந்தைகளின் ஏட்டைக் கரையிலே கையில் ஏந்தி, பின்னே கடலில் வள்ளுவர் நிற்க, அனைவரும் படம் எடுத்துக்கொண்டோம்.

குழந்தைகளே, உங்களுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை. ஏடு பத்திரமாகச் சங்கத்து அலமாரியில் இருக்கிறது. அடுத்த பயணத்தில் அது படகேறும்.

இப்பயணத்தால் நாங்கள் செய்துகொண்ட திருத்தங்கள் மூன்று. முக்கிய எண்களைக் கைப்பேசியில் மட்டுமன்றிக் காகிதத்திலும் எழுதி ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்தல். எண்ணும் இடைவெளியை நூறு கிலோமீட்டரிலிருந்து ஐம்பதாகக் குறைத்தல். கடைவண்டியில் செல்வோர் வழியில் பேச்சை நிறுத்திக்கொள்ளுதல். உலகில் 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல் ஓட்டிச் சான்றிதழ் பெறுவோர் உண்டு. நம் நாட்டிலும் பலர் அதைப் பெற்றுள்ளனர். அதை முயல விரும்பும் இளைஞர்களை நாங்கள் தடுக்கவில்லை. தூக்கம் வந்தால் சான்றிதழை விட்டுவிட்டு வண்டியை நிறுத்தும் மன உறுதி இருந்தால் மட்டும் முயலுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக ஒன்று. பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த நம் குடும்பங்களும் ஒரு நெடும்பயணத்தில் இருப்பவர்களே. சங்கத்தின் தலைவண்டி நன்றாகவே ஓடுகிறது; விழாக்கள் சிறக்கின்றன. ஆயினும் சென்ற ஆண்டு இவ்விழாவிற்கு வந்து இவ்வாண்டு வாராத குடும்பங்கள் எத்தனை? ஓய்வு பெற்றபின் குடியிருப்பை விட்டுத் தொலைவில் வாடகைக்குச் சென்றவர்கள், நோயுற்றவர்கள், துணையை இழந்து வீட்டோடு இருப்பவர்கள் இருக்கக் கூடும். சங்கத்துக்காரர்கள் எப்படியும் வருவார்கள் என்று, அத்தம்பியைப் போல் அவர்களும் எங்கோ காத்திருக்கலாம். விழா முடிந்து பந்தல் பிரிக்குமுன் உறுப்பினர் பட்டியலை எடுத்து ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் எனச் செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். வீடு வீடாகச் செல்லும் பணிக்கு எங்கள் புல்லட் இருக்கிறது. நாங்கள் இருவரும் இருக்கிறோம்.