நாயுணவும் கூண்டு நாய்களும்

வீட்டு நாய்க்கு உணவு வாங்கச் செல்பவர் பொதியின் விலையையும் நிறையையும் பார்ப்பார். அவ்வுணவு முதலில் எந்த நாய்களுக்கு இடப்பட்டது என்று வினவுபவர் மிகச் சிலரே.

2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வினா உரத்து எழுந்தது. ‘ஐயாம்ஸ்’ என்னும் நாயுணவுத் தாபனத்துக்காக ஆய்வு நடத்திய மிசூரி மாநில ஆய்வுகூடமொன்றில், ‘பீற்றா’ என்னும் விலங்குரிமை அமைப்பின் ஆள் ஒருவர் ஊழியராகச் சேர்ந்து மறைவாகப் படம் பிடித்திருந்தார். வெறுங் கூண்டுகளில் நாய்கள் அடைபட்டுக் கிடந்தன. அவற்றுட் சிலவற்றின் தொடைத்தசை வெட்டியெடுக்கப்பட்டதென்றும் அவ்வமைப்பினர் குற்றஞ்சாட்டினர். தாபனம் அந்த ஆய்வுகூடத்துடனான தொடர்பை முறித்துக்கொண்டது. ஆயினும், அவ்வுணவை வாங்காதீர் என்ற குரல் அத்துடன் ஓயவில்லை.

குற்றஞ்சாட்டுவோருக்கும் நோக்கம் உண்டு, விற்போருக்கும் உண்டு. நேயர்கள் கவனிக்கத்தக்கது வேறொன்று. சோதனை என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. வளர்ந்த நாய்களுக்கான உணவூட்டற் சோதனைக்கு அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த முறை, குறைந்தது 8 நாய்களுக்கு 26 வாரங்கள் அவ்வுணவையே கொடுத்து, நிறையையும் குருதியையும் பார்ப்பதாகும். அதற்குத் தசையை வெட்ட வேண்டியதில்லை. எவ்விதச் சோதனையுமற்ற உணவை வாங்குவதும் கருணையாகாது. அப்போது சோதனை, வாங்கியவர் வீட்டு நாயின்மீதே நடக்கும்.

தாபனத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம்: அந்த 8 நாய்களும் எங்கே வாழ்கின்றன? 26 வாரம் முடிந்தபின் எங்கே போகின்றன?