கட்டத்துக்குள் அடங்காத பள்ளிக்கூடம்



பேருரை என்று அழைத்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது சின்ன விஷயம். காரைக்கால் பக்கம் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்து நினைவு ஒன்றைப் படக்கதையாக வரைந்து பார்த்தேன். அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம்முடைய தன்வரலாறுகளில் பள்ளிக்கூடம் வராமல் இருப்பதில்லை. 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’, புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே.ஏ. குணசேகரன் எழுதி 2005இல் வந்த ‘வடு’ இரண்டிலும் அது இருக்கிறது. இவர்களுக்கு முன்பே அண்ணல் அம்பேத்கர் எழுதிவிட்டார். வகுப்பில் தனியாக உட்கார வீட்டிலிருந்து கோணி கொண்டுபோக வேண்டும். மாலையில் அதைத் திரும்ப எடுத்துவர வேண்டும். பியூன் குழாயைத் திறந்தால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான்.

இந்த நினைவுகள்தான் 2011இல் நவயானா வெளியிட்ட ‘பீமாயணம்’ நூலில் படக்கதையாயின. வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள். மனிதர்களைக் கட்டம் கட்டி அடைக்க அவர்களுக்கு மனமில்லை. பக்கம் முழுவதையும் திறந்தே வைத்தார்கள். பேச்சுக் குமிழிலும் ஒரு வேலை செய்தார்கள். இதமான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழ். கொட்டுகிற பேச்சுக்குத் தேள்வால் வைத்த குமிழ்.

என் கதைக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு. உதவித்தொகைப் படிவம் வந்திருந்தது. “எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திருங்கடா” என்றார் ஆசிரியர். எழுந்தோம். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. இதைக் கட்டுரையாக இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் தலைகுனிந்து நிற்பது நான் ஒருவன்தான்.

எழுத்தில் ‘எல்லோரும் பார்த்தார்கள்’ என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம். படத்தில் அது நடக்காது. எந்த பெஞ்சில் யார் என்று ஒவ்வொரு தலையாகப் போட வேண்டும். அப்படிப் போட்டுக்கொண்டே வந்தபோது மூன்றாவது பெஞ்சில் கை நின்றுவிட்டது. அங்கே ஒருவன் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அத்தை வீடு எங்கள் தெருவில்தான். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது, என்னைத் தவிர.

“வேற யாரும் உண்டா?” என்று கேட்டார் ஆசிரியர். “சார், இவனும்தான்” என்றேன்.

பணம் போய்விடுமே என்றுதான் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தனியாக நிற்க முடியாமல் துணைக்கு அவனை இழுத்தேன் என்பதும் உண்மை. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. பிள்ளைகளை நிற்கவைத்து எண்ணுகிற அந்த முறைதான் குற்றவாளி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு அது என் வாயையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அந்த இரண்டு சொல்லுக்கு எந்தக் குமிழ் போடுவது? பல நாள் அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டிருந்தேன். கடைசியில் தேள்வால் போட்டேன்.

மாணவர்களே, உங்களுக்கு ஓவியம் வராது என்று சொல்லாதீர்கள். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். குச்சி மனிதர்கள் போதும். நூறு ஜெராக்ஸ் போட்டால் ஒரு விடுதி முழுக்கப் படிக்கும். மற்றவர்களின் பேரையும் முகத்தையும் மாற்றுங்கள், அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். பேச்சை மாற்றாதீர்கள், வீட்டில் பேசுகிறபடியே எழுதுங்கள். அடித்தவரை வரையுங்கள். வேடிக்கை பார்த்தவரையும் வரையுங்கள். உங்களை மட்டும் அழகாக வரைந்துகொள்ளாதீர்கள்.

என்னுடைய எட்டுப் பக்கம் இன்னும் அச்சாகவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று அத்தை வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் அவன் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று அவன் சொன்னால் அது என் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஜெய்பீம்.