அந்தப் பாட்டி ஓடிப்போகலை

  

எதிரணியில் பேசின தம்பி ரொம்ப அழகாப் பேசினார். "பிள்ளையைப் பாட்டிகிட்ட விட்டா பக்தி வரும், கூடவே பயமும் வரும். கோழையாத்தான் வளரும்"னு சொன்னார். இத்தனைக்கும் இவரே மூணாம் வகுப்பு வரைக்கும் பாட்டி வீட்டுலதான் வளர்ந்தாராம், இப்பத்தான் காபி குடிக்கும்போது சொன்னார். (சிரிப்பு)

நம்ம ஊர் பாட்டி கதை சொன்னா, "எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே"ம்பீங்க. அதனால நான் கடல் தாண்டிப் போறேன். அமெரிக்காவின் தென்பகுதியில, ஆர்கன்சா மாநிலத்துல, ஸ்டாம்ப்ஸ்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கறுப்பினப் பாட்டி, ஆனி ஹெண்டர்சன். மாயா ஏஞ்சலோ என்ற எழுத்தாளரின் அப்பாவைப் பெத்தவங்க. 1969இல் வந்த தன் வரலாற்று நூலில் பேத்தி இந்தப் பாட்டியை உசிரோட கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க.

1903ஆம் வருஷம். கையில ரெண்டு ஆம்பளைப் பிள்ளைகள். வீட்டுக்காரர், "வேதம் படிக்கப் போறேன்"னு ஓக்லஹோமாவுக்குக் கிளம்பிட்டார். அவர் படிக்கப் போன பாதிரியார் வீட்டுல கல்யாணமாகாத ஒரு மகளும் இருந்தாங்க. (பலத்த சிரிப்பு) நடுவர் ஐயா, வேதம் படிக்கப் போனவர் போனார். வேதப்படி பிள்ளைகளைக் காப்பாத்துனது யாரு? (கைதட்டல்)

அந்தம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா? ரெண்டு வாளி நிறையக் கல்லை நிரப்பினாங்க. ராத்திரியோட ராத்திரியா மூணு மைல் நடந்து பருத்தி ஆலைக்குப் போனாங்க. கொஞ்சம் கல்லைக் கொட்டிட்டு, இன்னும் அஞ்சு மைல் நடந்து மரம் அறுக்கிற மில்லுக்குப் போனாங்க. எதுக்கு? இவ்வளவு சுமையைத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் நடக்க முடியுமான்னு ஒத்திகை! அப்புறம்தான் வாளியில கல்லுக்குப் பதிலா சாப்பாடு ஏறுச்சு. மத்தியானம் மணி அடிக்கிற நேரத்துக்குக் கறி வச்ச பணியாரத்தைச் சுடச்சுடப் பொரிச்சு அஞ்சு சென்ட். மிச்சத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய், ஆறிப்போச்சுன்னு மூணு சென்ட். மறுநாள் முறையை மாத்துவாங்க, சூடான பலகாரம் அவங்களுக்கும் கிடைக்கணும்ல? அதிலிருந்து ஒரு கடை. அந்தக் கடைதான் பின்னால அந்தத் தெருவுக்கே நடுவீடு.

கலிபோர்னியாவுல இருந்து மூணு வயசுப் பேத்தியையும் நாலு வயசுப் பேரனையும் மணிக்கட்டுல விலாசச் சீட்டுக் கட்டி ரயில் ஏத்தி விட்டாங்க பெத்தவங்க, தனியா! தாய் தகப்பன் கல்யாணம் முறிஞ்சுபோச்சு. பார்சல் வந்து சேர்ந்த இடம் பாட்டி வீடு.

காலையில நாலு மணி. கடிகார மணி கிடையாது. எழுந்ததும் முழங்கால் போட்டு ஜெபம். அப்புறம்தான் பிள்ளைகளை எழுப்புறது. பக்தி ரொம்பக் கண்டிப்பு. இயேசுவே வழி என்று இருக்க, பேச்சுவாக்குல "வழி"ங்கிற சொல்லைப் போட்டதுக்காகப் பேத்தியை விளாறினாங்க. அது சரின்னு நான் வாதாட வரலை. அடி அடிதான்.

ஆனா தம்பி சொன்ன கோழைத்தனம் எங்கே இருந்துச்சு? ஒருநாள் வெள்ளைக்காரச் சிறுமிகள் கடைவாசலுக்கு வந்து, ஆறடிக்கு மேல வளர்ந்த அந்த அம்மா நிக்கிற மாதிரி நின்னு காட்டுதுக, பழிக்குதுக. பேத்தி கதவுக்குப் பின்னால நின்னு அழுவுறா. பாட்டி நகரலை. வாய்க்குள்ளேயே கீர்த்தனை முணுமுணுத்துக்கிட்டு நின்னாங்க. போகும்போது அந்தப் பிள்ளைகளுக்கு மரியாதையா விடை கொடுத்தாங்க. அடக்கம்னு நீங்க சொல்வீங்க. அன்னைக்குக் கைநீட்டியிருந்தா ராத்திரி என்ன நடக்கும்னு அந்த அம்மாவுக்குத் தெரியும். வேறொரு ராத்திரி, வெள்ளையர் கும்பல் வரலாம்னு சேதி வந்தப்போ, கை கால் சரியில்லாத தன் மகனை உருளைக்கிழங்கு, வெங்காயத் தொட்டிக்குள்ள படுக்க வச்சு மூடிட்டு, இருட்டுல முழங்கால் போட்ட வீடுங்க அது. (அரங்கில் அமைதி)

அதே அம்மாவின் இன்னொரு முகமும் கேளுங்க. பேத்திக்குப் பல்வலி. ஊர்ல இருந்த வெள்ளைக்காரப் பல் டாக்டர், கறுப்பர் வாயில கைவைக்க மாட்டேன்னுட்டார், நாயைவிடக் கேவலமாப் பேசி. பஞ்ச காலத்துல அந்த ஆளுக்கே கடன் கொடுத்துக் காப்பாத்தினது இந்தப் பாட்டிதான்! என்ன செஞ்சாங்க? பேத்தியை வெளியே நிக்க வச்சுட்டு உள்ளே போனாங்க. வட்டியே பேசாத பழைய கடனுக்கு வட்டின்னு பத்து டாலர் வசூல் பண்ணிட்டு வந்தாங்க. (கைதட்டல்) வட்டி பேசலைன்னு அவங்களுக்கும் தெரியும். வீட்டுல வந்து மகன்கிட்டச் சொல்லிச் சிரிச்சாங்களாம். பஸ்ஸுல 25 மைல் தள்ளி டெக்ஸர்கானாவுக்குக் கூட்டிட்டுப் போய்க் கறுப்பின டாக்டர்கிட்ட வைத்தியம் பார்த்தாங்க. பக்தி இருக்கு, கணக்கும் இருக்கு நடுவர் ஐயா.

அடுத்தது சொல்லவே கஷ்டமா இருக்கு. தாய்வீட்டுக்குப் போன இடத்துல, தாயோட இருந்த ஒருத்தனால அந்தக் குழந்தைக்குக் கொடுமை நடந்துபோச்சு. வயசு ஏறக்குறைய எட்டு. திரும்பி வந்த பிள்ளை பேச்சை நிறுத்திட்டா, ஏறக்குறைய அஞ்சு வருஷம். ஊர் என்ன சொல்லும்? மந்தபுத்தின்னு சொல்லுச்சு. பாட்டி "பேசு பேசு"ன்னு உலுக்கலை. தலையைப் பின்னிவிட்டுக்கிட்டே, "ஊர் சொல்றதை விடு, ஒருநாள் நீ பேசுவ, பலபேருக்குச் சொல்லிக் கொடுப்ப" என்ற அர்த்தத்துல சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். தாயும் தகப்பனும் உயிரோடதான் இருந்தாங்க தம்பி. தலை பின்னிவிட்ட கை யாரோடது?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். 1993 ஜனவரி 20. வாஷிங்டன்ல கிளிண்டன் ஜனாதிபதியாப் பதவியேற்கிறார். அவர் பிறந்ததும் ஆர்கன்சாதான், ஸ்டாம்ப்ஸுக்கு அருகில் உள்ள ஹோப் என்ற ஊர். அந்த மேடையில, உலகமே டி.வி.யில பார்த்துக்கிட்டிருக்க, எழுந்து நின்னு கணீர்னு தன் கவிதையை வாசிச்சது, அஞ்சு வருஷம் வாய் திறக்காத அந்தப் பேத்தி. (நீண்ட கைதட்டல்)