ஒநேசிமுவுக்காக ஒரு கடிதம்

(பங்காளர் கூடுகையில் கொடுக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்தக் கூடுகையில் எத்தனை பிரசவம், எத்தனை அறுவை சிகிச்சை, எத்தனை பேருக்கு இலவச மருந்து என்று கணக்கு ஒப்புவிப்போம். அந்தக் கணக்கு இந்த இதழின் வேறு பக்கத்தில் இருக்கிறது. இன்று வேறொரு பாரத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். நம்முடைய வார்டுகளில் படுத்திருக்கிறவர்களில் சிலர் நோயோடுகூட ஒரு பழைய கோர்ட் தீர்ப்பையும் சுமந்துகொண்டு வருகிறார்கள். நோய்க்கு நம்மிடம் மருந்து உண்டு. அந்தத் தீர்ப்புக்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

இந்தச் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இந்தக் காரியத்தில் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கி, குடியை ஒழிக்கக் கிராமம் கிராமமாக உழைத்தார். அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானதும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கு அமலுக்கு வந்த முதல் ஜில்லா சேலம்தான். நாமக்கல்லும் அன்று அதற்குள்ளேதான் இருந்தது. தனி மாவட்டமானது 1997இல். 1937க்குப் பிறகு மதுவிலக்கு மாகாணமெங்கும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டது. 1974இல் கடைகள் மறுபடி மூடப்பட்டன. 1981இல் திறந்தன. 1983இல் டாஸ்மாக் ஏற்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. கள் இறக்குவதோ இன்றுவரை குற்றமாகவே இருக்கிறது.

சட்டம் இப்படித் திறந்தும் மூடியும் வந்தபோதெல்லாம் பிடிபட்டவர்கள் யார்? பனையேறினவர், குடத்தில் சுமந்தவர், புருஷன் போனபின் பிள்ளைகளுக்குச் சோறுபோட வழியில்லாமல் வீட்டு வாசலில் சாராயம் விற்ற பெண்கள். கடை திறந்தது, ஆனால் அவர்கள்மேல் விழுந்த தண்டனை அழியவில்லை.

உங்களில் சிலர் மனதில் ஒரு கேள்வி எழும்பும். குடியினால் கெட்ட ஈரலை நாள்தோறும் பார்க்கிற ஆஸ்பத்திரி, சாராயம் விற்றவருக்குப் பரிந்து பேசலாமா? நியாயமான கேள்வி. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாம் மறக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் சிலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். விஷம் என்று தெரிந்தும் விற்றவனுக்காக நாங்கள் மனு எழுதுவதில்லை. அடிதடி, கொலை, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் செய்த கொடுமை ஆகிய வழக்குகளையும் நாங்கள் எடுப்பதில்லை. ஒருவர் மேலும் கைவைக்காத குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து முடித்து, அதற்குப்பின் பல வருஷம் நேர்மையாய்ப் பிழைத்தவர்களைப் பற்றியே பேசுகிறோம்.

வேதத்தில் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஓடிப்போன அடிமையாகிய ஒநேசிமுவுக்காகச் சிறையிலிருந்து பவுல் எழுதின மன்னிப்பு மனு அது. அதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். ஒநேசிமு ஒரு தப்பும் செய்யவில்லை என்று பவுல் சாதிக்கவில்லை. இப்போது அவன் எப்படிப்பட்டவனாய் மாறியிருக்கிறான் என்று சாட்சி சொல்லுகிறார். அவனால் நஷ்டம் ஏதாவது இருந்தால் அதைத் தான் ஏற்பதாகப் பொறுப்பெடுக்கிறார். நல்ல கருணை மனுவுக்கு இன்றைக்கும் வேண்டியது இதுதான்.

இனி நம் தேசத்துச் சட்டம். அரசியலமைப்பின் 72ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆம் பிரிவு ஆளுநருக்கும் மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. மதுவிலக்குச் சட்டம் மாநிலச் சட்டம். ஆகையால் அந்த மனு ஆளுநருக்குப் போகவேண்டும். ஆளுநர் தம் சொந்த விருப்பப்படி முடிவெடுப்பதில்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்கவேண்டும் என்று 1980இல் மாரு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதி, மதம், கட்சி பார்த்து மன்னிப்புக் கொடுக்கக்கூடாது என்று 2006இல் எப்புரு சுதாகர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகையால் ஆள் பிடித்துக் காரியம் முடிக்கிறேன் என்று பணம் கேட்கிறவனை நம்பவேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள்.

தண்டனைக் குறைப்பு வேறு, மன்னிப்பு வேறு. தலைவர்களின் பிறந்தநாளையொட்டிக் கைதிகளை முன்கூட்டியே விடுதலை செய்வதைப் பத்திரிகையில் பார்க்கிறோம். அது சிறைவாசத்தைக் குறைக்கும். குற்றத் தீர்ப்பைத் துடைக்காது. இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 1961இலேயே தெளிவாக்கியது. முழு மன்னிப்பு மாத்திரமே தீர்ப்பையும் அதனால் வருகிற தகுதியிழப்பையும் நீக்கும். அது அரிதாகவே கிடைக்கும். இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டின் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் ஒழுங்காய் வாழ்ந்தவருடைய சிறிய தண்டனைகள் கழிந்துபோனவையாக எண்ணப்படுகின்றன. பெரியவர்களுக்கு அப்படிப்பட்ட பொதுச்சட்டம் நம் நாட்டில் இல்லை. 18 வயதுக்குள் செய்த குற்றமானால், கொடிய குற்றங்கள் சில நீங்கலாக, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தகுதியிழப்பை நீக்கி, பதிவையும் அழிக்கச் சொல்லுகிறது.

ஆகவே எங்களிடம் வருகிறவரிடத்தில் முதலாவது மன்னிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறோம். தண்டனை அடைந்ததே தெரியாமல் சிலர் இருக்கிறார்கள். கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் தீர்ந்தது என்று யாரோ சொல்ல, அப்படியே செய்துவிட்டு வந்திருப்பார்கள். அபராதம் கட்டினதும் தண்டனைதான். முதல்முறை தவறினவரை எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விட 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்படி விடப்பட்டவருக்குத் தகுதியிழப்பு இல்லை என்று அதன் 12ஆம் பிரிவு சொல்லுகிறது. எல்லா வழக்கிலும் இது கிடைக்கும் என்றில்லை. ஆனால் வாய்தா நடக்கும்போதே கேட்கவேண்டும். உங்கள் சபையில் யாராவது கோர்ட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தால், ஒத்துக்கொள்ளுமுன் வக்கீலிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

சிலருடைய பயம் வீண் பயம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஆப்பிரிக்காவுக்குப் போக வாய்ப்பு வந்தும், பழைய வழக்கு இருப்பதால் பாஸ்போர்ட் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிட்ட ஓர் இளைஞரைச் சந்தித்தோம். ஐந்து வருஷத்துக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு, இரண்டு வருஷத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தால்தான் அந்தத் தண்டனையைக் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் ஆண்டின் சட்டம் சொல்லுகிறது. அவர் கட்டியது அபராதம் மாத்திரம். வழக்கு இன்னும் நிலுவையில் இருந்தால் அது வேறு; அப்போது கோர்ட் அனுமதி வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டது மன்னிப்பு அல்ல. தீர்ப்பு நகலை எடுத்து வாசித்துச் சொல்ல ஓர் ஆள். அதேபோல, சிறையிலிருந்து வந்தவருக்கு ஓட்டுரிமை இல்லை என்று எண்ணுகிறவர்களும் உண்டு. சிறைக்குள் இருக்கும்வரை மட்டுமே அந்தத் தடை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலர் இடறுகிறார்கள். தண்டனை உண்டா என்று கேட்ட இடத்தில் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு அது பழைய குற்றத்தைவிடப் பெரிய குற்றமாகிவிடுகிறது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விவரத்தை உண்மையாய்ச் சொல்லவேண்டும் என்றது. சிறிய குற்றமானால் அதன் தன்மையைப் பார்த்து வேலை கொடுப்பவர் முடிவெடுக்கலாம் என்றும் வழி காட்டியது. பொய் சொல்லாமலிருக்க ஒருவருக்குத் தைரியம் கொடுப்பதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு.

சிறையிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. சிறைத்தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாததால் வெளியே வராதவர்களுக்காக மத்திய அரசு 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தண்டனைக் கைதிக்கும், ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கும் ஒரு வரம்புக்குள் உதவி கிடைக்கும். போதைப்பொருள் முதலான சில வழக்குகள் அதில் சேராது. சேலம் மத்திய சிறையில் நமக்குத் தெரிந்தவர் யாராவது இப்படி இருந்தால் முதலில் இந்த வழியைக் கேளுங்கள். அரசாங்கம் கொடுக்கிற இடத்தில் உங்கள் காணிக்கையைச் செலவழிக்க எங்களுக்கு மனமில்லை.

இதெல்லாம் பார்த்தபின்னும் மன்னிப்பைத் தவிர வேறு வழியில்லாத சிலர் மிஞ்சுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாயாரை மாத்திரம் சொல்லி முடிக்கிறோம். பேரும் ஊரும் சொல்லப்போவதில்லை. விதவையாகி, சாராயம் விற்று, இரண்டுமுறை தண்டனை அடைந்தவர். அதை விட்டு வெகு வருஷங்கள் ஆகின்றன. சேகோ ஆலையில் கூலிவேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார். கிராமத்துப் பள்ளியில் சமையல் வேலைக்கு விண்ணப்பிக்க ஆசை. அந்தக் கேள்வி வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அவருக்காக ஆளுநருக்கு மனு எழுதினோம். கோர்ட்டும் வழக்கு எண்ணும், தண்டனையும், அதை அனுபவித்து முடித்த தேதியும், அதற்குப்பின் நடந்த வாழ்க்கையும், இன்று அந்தத் தண்டனை எங்கே தடுக்கிறது என்பதும் அதில் இருந்தன. ஊரில் உள்ள ஆசிரியர் ஒருவர், ஆலை மேஸ்திரி, ஒரு காலத்தில் அவர்மேல் புகார் கொடுத்த பக்கத்து வீட்டம்மாள் ஆகிய மூவரும் நற்சாட்சிக் கடிதம் கொடுத்தார்கள். எழுத்து வாசனை இல்லாத அந்தத் தாயாருக்கு அவைகளை வாசித்துக் காட்டினோம். மூன்றாவது கடிதத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். "இதைக் கவர்மென்ட்டுக்கு அனுப்பினா எனக்கு ஒண்ணு இருக்குமாங்க?" என்று கேட்டார். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம்.

மனு அனுப்பியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை. வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எங்களால் கூடாது. அவருக்கும் அப்படியே சொல்லியிருக்கிறோம். ஆனால் ஊர் அவருக்கு மன்னித்துவிட்டது என்பதை அவர் எழுத்தில் வைத்திருக்கிறார்.

உங்களிடத்தில் கேட்பது இதுதான். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் கொடுப்பார்கள்; மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீல் செலவு இல்லை. ஆனால் நகல் எடுக்கவும், பஸ்ஸுக்கும், ஒருநாள் கூலி போனதற்கும் பணம் வேண்டும். உங்கள் காணிக்கை அங்கேதான் போகிறது. பணத்தைவிட மேலாக, எழுதப்படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள, ஒருவருடைய ரகசியத்தைக் காக்கத் தெரிந்த ஓர் ஆளை உங்கள் சபை தரட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரோ கோர்ட் குமாஸ்தாவோ இருந்தால் இன்னும் நல்லது. ஒநேசிமு தன் மனுவைத் தானே எழுதவில்லை. அவனுக்காக ஒருவர் பேனா எடுத்தார்.

எங்களுக்காகவும், பதிலுக்குக் காத்திருக்கிற அந்தத் தாயாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.