நடக்கும்போது கணக்கு வேண்டாம்



நம் ஜீவனஹள்ளி இரவு வகுப்பில் தினமும் எழுத்தும் கணக்கும் படிக்கிறோம். இன்று சர்க்கரை நோயைப் பற்றிப் பேசலாம். நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் பாட்டி பூ விற்பவர். பல வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய். கணக்கில் கெட்டிக்காரி. எத்தனை முழம் விற்றது, யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் மனதிலேயே இருக்கும்.

ஒரு நாள் மாலை காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் இருந்து கூடையோடு வந்தார். அன்றைய கணக்கை மனதில் போட்டுக்கொண்டே நடந்தார். "பாட்டி, பால் வாங்கினியா?" என்று என் தம்பி தூரத்தில் இருந்து கேட்டான். பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் கல் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

"கண் திருஷ்டி" என்றார்கள் பக்கத்து வீட்டார். "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்றார் சித்தப்பா. கை வலியை விட அந்தச் சொல்தான் பாட்டிக்கு வலித்தது. "உட்கார வைத்துக் கேள். நூறு முழத்துக்கும் கணக்குச் சொல்வேன்" என்று அழுதார்.

அவர் சொன்னது உண்மை. உட்கார்ந்தால் கணக்கு சரியாக வந்தது. அப்படியானால் ஏன் விழுந்தார்?

டாக்டர் பாட்டியைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார். பல இடங்களில் தொட்டது பாட்டிக்குத் தெரியவில்லை. "செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தது உண்டா?" என்று கேட்டார். "உண்டு" என்றார் பாட்டி.

பல வருடம் சர்க்கரை கூடியே இருந்தால் கால் நரம்பு கெடும். கால் மரத்துப்போகும். மேடு, பள்ளம், கல், மணல் எது என்று கால்தான் மூளைக்குச் சொல்கிறது. கால் சொல்லாவிட்டால், மூளை ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கணக்கும் பேச்சும் சேர்ந்தால்? ஒரு கையில் கொதிக்கும் பானை, மறு கையில் குழந்தை என்ற கதைதான். சர்க்கரை கட்டுப்படாமலே இருந்தால், மூளையின் சிறு ரத்தக் குழாய்களும் கெடலாம். அப்போது கவனமும் குறையும்.

ஸ்வீடன் நாட்டில் 1997-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதியவர்கள் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த 6 மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். அது சர்க்கரை நோயாளிகளை மட்டும் பார்த்த ஆய்வு அல்ல. ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும், கணக்குச் சொல்லிக்கொண்டு நடந்தால் நடை மெதுவாகிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு சொன்னது.

நாம் என்ன செய்யலாம்?

ரோட்டைக் கடக்கும்போது, படி இறங்கும்போது பேச்சு வேண்டாம், செல்போன் வேண்டாம். யாராவது கூப்பிட்டால் ஓரமாக நின்று பதில் சொல்லுங்கள். நடந்து போகிறவரைப் பின்னால் இருந்து கூப்பிடாதீர்கள்.

தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். பின்பட்டை உள்ள செருப்பு நல்லது. வருடம் ஒரு முறை டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். விழுந்துவிடுவோம் என்று நடையையும் நிறுத்தாதீர்கள். சமமான இடத்தில், வெளிச்சத்தில் நடங்கள்.

இன்னொன்று. மாத்திரை போட்டு, அல்லது இன்சுலின் ஊசி போட்டு, சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், தெரிந்த கணக்கும் தப்பும். உடனே உட்காருங்கள். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். சரியானதும் சாப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது பாட்டி என்ன செய்கிறார் தெரியுமா? கடையிலேயே உட்கார்ந்து கணக்கை நோட்டில் எழுதுகிறார். நம் வகுப்பில் கற்ற எழுத்துதான். நோட்டை மூடிப் பையில் வைத்த பிறகுதான் எழுந்திருக்கிறார். "கணக்கு நோட்டுல இருக்கு, கண்ணு ரோட்டுல இருக்கு" என்கிறார். சித்தப்பா இப்போது வாயைத் திறப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது தடுமாறினால், புத்தி கெட்டது என்று சொல்லாதீர்கள். முதலில் அவர் காலைப் பாருங்கள்.